நேற்று என்ன பலகாரம்?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்)

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பா விசைத்தறியில் இரவு முறை பார்ப்பவர். அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். தார் சுற்றப் போகிறவர். நான் புள்ளியியலில் சேர்ந்தபோது அது என்ன படிப்பு என்று எங்கள் தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. "கணக்குதான், கொஞ்சம் வேறு மாதிரிக் கணக்கு" என்று சொல்லி வைத்தேன். அந்த 'வேறு மாதிரி' எனக்கே அப்போது விளங்கியிருக்கவில்லை. அதனால் நேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறை. அம்மா இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவில் 12 பேர். இட்லி மாவு அரைத்து விற்கலாம் என்று அவர்களுக்கு ஒரு யோசனை. கடன் கேட்கப் போன வங்கியில், "எத்தனை வீடு வாங்கும்? ஏதாவது கணக்கு எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். குழுத் தலைவி அக்கா அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஏங்கண்ணு, நீ கணக்குதானே படிக்கற? நாலு வீடு ஏறி எறங்கிக் கேட்டு எழுதிக் குடுத்துரு" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு குயர் தாள் வாங்கிக் கோடு போட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை எங்கள் தெருவிலும் பக்கத்து இரண்டு தெருக்களிலும் 80 வீடுகள் ஏறி இறங்கினேன். நான் கேட்ட கேள்வி இன்றும் மனப்பாடம்: "சுத்தமான, சுவையான இட்லி மாவை நம் ஊர்ப் பெண்களே நியாயமான விலைக்குக் கொடுத்தால் வாங்குவீர்களா?" பூட்டிக் கிடந்த வீடுகளைத் தாண்டி அடுத்த வீட்டைத் தட்டினேன். 80 வீடுகளில் 71 வீடுகள் 'வாங்குவோம்' என்றன. 89 விழுக்காடு! சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, வட்டப்படம் ஒன்றும் வரைந்து கொடுத்தேன். வங்கியிலும் பாராட்டினார்களாம். அம்மா அந்த வாரம் முழுக்கப் பார்த்தவரிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடன் வந்தது. பெரிய கிரைண்டர் ஒன்றும், பழையதாக ஒரு குளிர்பதனப் பெட்டியும் வாங்கினார்கள். ஆளுக்கு மாதம் 500 ரூபாய் தவணை, 24 மாதம். வீட்டுக்கு இரண்டு நாளைக்கு ஒரு பாக்கெட் என்று பார்த்தாலும் நாளொன்றுக்கு 35 போகும் என்பது என் கணக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று 30 பாக்கெட் அரைத்தார்கள். முதல் நாள் 26 விற்றது. இரண்டாம் வாரம் எட்டு, ஒன்பது. மீந்ததைக் குழுவினரே பங்கு போட்டு எடுத்துப் போனார்கள். இரண்டு வாரம் 12 வீடுகளிலும் புளித்த தோசை. எங்கள் வீட்டில் யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஒரு நாள் நானே ஆற்றாமையில் கேட்டுவிட்டேன்: "அத்தனை பேரும் வாங்கறேன்னுதானேம்மா சொன்னாங்க? பொய் சொல்லிட்டாங்களே!"

அம்மா தோசைத் திருப்பியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பொய் எதுக்குச் சொல்றாங்க? நம்ம தெருப் புள்ள வெயில்ல வந்து நிக்குது, மூஞ்சியில அடிச்ச மாதிரி வேண்டாம்னா சொல்லுவாங்க?"

நான் முழுக்கப் புரிந்துகொள்ளவில்லை. மூன்றாம் பருவத்தில் கூறெடுப்பு முறைகள் பாடம் தொடங்கியபோதுதான் அது உறைத்தது. எங்கள் பேராசிரியை முதல் வகுப்பிலேயே 1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலைச் சொன்னார். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் 1 கோடி மாதிரி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, லண்டன் என்பவர் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46இல். அந்த இதழ் முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவுகளிலிருந்தும் திரட்டியிருந்தது. பொருளாதார மந்தம் நிலவிய அந்நாளில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார்? போதாக்குறைக்கு, அனுப்பிய சீட்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் திரும்பவே இல்லை. அதே தேர்தலில், மிகச் சிறிய கூறைக் கொண்டு காலப் என்பவர் ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார். 1938இல் லிட்டரரி டைஜஸ்ட் நின்றே போனது.

வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் காது சுட்டது. வகுப்பு முடிந்ததும் என் பழைய தாள்கட்டைக் கொண்டுபோய்ப் பேராசிரியையிடம் கொடுத்தேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து என் கேள்வியில் 'சுத்தமான', 'சுவையான', 'நம் ஊர்ப் பெண்களே', 'நியாயமான' என்ற நான்கையும் சுழித்தார். "கேள்வி கேட்டியா, விளம்பரம் பண்ணியாம்மா?" என்றார். பிறகு, "பூட்டியிருந்த வீடு எத்தனை?" என்றார். எண்ணவில்லை என்றேன். "காலையில் பத்து மணிக்கு, சனிக்கிழமையும் பூட்டிக் கிடக்கிற வீட்டில் யார் இருப்பார்கள்?"

யார் இருப்பார்கள்! கணவன் மனைவி இருவரும் தறிக்கோ மில்லுக்கோ போகும் வீடுகள். அரிசி ஊறப்போட நேரமில்லாத வீடுகள். மாவு வாங்கக்கூடியவர்களை எல்லாம் தாண்டிவிட்டு, வீட்டில் இருந்து அரைப்பவர்களிடம் போய் 'வாங்குவீர்களா' என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டில் 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த விலையில்லா கிரைண்டர் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அது இருக்கிறது. நாங்கள் ஒரு நாளும் மாவு வாங்கியதில்லை. என்னிடமே ஒரு முறை கேட்டுப் பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன என்பது கொஞ்சம் தெம்பாக இருந்தது. 1985 ஏப்ரல் 23 அன்று கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையையே மாற்றியது. அதற்கு முன்பு ஏறத்தாழ 2 லட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்துச் சோதித்திருந்தார்கள். பெரும்பாலோர் புதியதே நன்று என்றார்கள். ஆனால் கடைக்கு வந்ததும் மக்கள் கொதித்தெழ, 79 நாட்களில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. புதியது சுவையாக இருக்கிறதா என்று கேட்டவர்கள், பழையதை விட்டுவிடச் சம்மதமா என்பதற்குப் போதிய இடம் கொடுக்கவில்லை. நானும் மாவைப் பற்றித்தான் கேட்டேன். வீட்டு கிரைண்டரை நிறுத்துவீர்களா என்று கேட்கவில்லை.

இரண்டாவது முறை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். விடுதியில் தங்கிப் படிக்கும் என் வகுப்புத் தோழியும் வந்தாள். எங்கள் ஊரில் அவளை ஒருவருக்கும் தெரியாது. அதுதான் வேண்டியிருந்தது. மகலனோபிஸ் 1937 முதல் வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பைக் கணக்கெடுத்த வரலாற்றைப் பேராசிரியை சொல்லியிருந்தார். முதலில் சிறிய அளவில் முன்னோட்டம் பார்த்துவிட்டுத்தான் ஆண்டுக்காண்டு விரித்தார்கள். அதோடு, ஒரே பகுதியில் இரு தனித்தனிக் கூறுகளை எடுத்து, வெவ்வேறு ஆட்களை அனுப்பிக் கணக்கெடுக்கும் முறையும் அவருடையதே. இரண்டு விடைகளும் மிகவும் விலகினால், வயலில் அல்ல, ஆளில் கோளாறு என்று தெரிந்துவிடும்.

நாங்களும் அப்படியே செய்தோம். மூன்று தெரு என்றில்லாமல் ஊர் முழுதும் நடந்து வீடுகளுக்கு எண் போட்டோம், 640 வந்தது. எட்டு வீட்டுக்கு ஒரு வீடு. தொடக்க எண்ணைச் சமவாய்ப்பு எண் அட்டவணையில் பார்த்தோம், 5 வந்தது. ஆக 5, 13, 21 என்று 80 வீடுகள். ஒன்று விட்டு ஒன்றாக எனக்கு 40, அவளுக்கு 40. பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாது; வேறு நாள், வேறு நேரம், மூன்று முறை வரை போக வேண்டும். ஆயுத பூசை, தீபாவளி வாரங்களை விட்டுவிட்டோம். பண்டிகைக்கு முந்திய நாள் எல்லா வீட்டிலும் மாவு அரைபடும்.

கேள்வியையும் மாற்றினோம். 'வாங்குவீர்களா' என்பதைப் பின்னுக்குத் தள்ளி, 'கடைசியாக மாவு கடையில் எப்போது வாங்கினீர்கள்' என்று முதலில் வைத்தோம். ஆறு வீடுகளில் முன்னோட்டம் பார்த்தபோது அதுவும் உடைந்தது. ஒரு பாட்டி, "மாவு எதுக்குச் சாமி கடையில வாங்கறோம்? கேவுறு வாங்கி மில்லுல குடுத்து அரைச்சுக்குவோம்" என்றார். இன்னொரு வீட்டில் கோதுமை மாவு விலையைச் சொன்னார்கள். 'மாவு' என்ற இரண்டெழுத்துக்குள் இத்தனை மாவா என்று தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில், "நேற்று ராத்திரியும் இன்று காலையும் என்ன பலகாரம்?" என்று தொடங்கினோம். இட்லி, தோசை என்றால், "மாவு வீட்டில் ஆட்டினதா, வாங்கினதா?" பிறகு, "போன ஒரு வாரத்தில் ஆட்டின மாவு வாங்கினீர்களா? எங்கே, எத்தனை மணிக்கு, என்ன விலை?" நேற்று தின்றதைச் சொல்வதில் யாருக்கும் தாட்சண்யம் இல்லை. பழைய கேள்வியை மட்டும் சோதனைக்காகக் கடைசியில் வைத்துக்கொண்டோம்.

நான்கு வாரமாயிற்று. மூன்று முறை நடந்தும் 6 வீடுகள் திறக்கவில்லை. கிடைத்த 74 வீடுகள் ஆளுக்கு 37 ஆக அமைந்தன. போன வாரம் மாவு வாங்கியவை 17. அதாவது 23 விழுக்காடு. அந்த 17இல் 12, நாங்கள் முதல் முறை போனபோது பூட்டியிருந்த வீடுகள்.

கடைசிக் கேள்விக்கு வந்த விடைதான் என்னை உட்கார வைத்துவிட்டது. 'குழுவிடம் வாங்குவீர்களா' என்று நான் கேட்ட 37 வீடுகளில் 31 'வாங்குவோம்' என்றன. அதே சொற்களில் தோழி கேட்ட 37 வீடுகளில் 18. தற்செயல் என்று ஒதுக்கக்கூடிய வேறுபாடு அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அவர்கள் கேள்விக்கு விடை சொல்லவில்லை. எனக்கு, என் அம்மாவின் மகளுக்கு, விடை சொன்னார்கள். அடுப்படியில் நின்று அம்மா சொன்னதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பருவமும் நான்கு வாரமும் ஆயின.

பிழை வரம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 74 வீடுகளைக் கொண்டு 23 விழுக்காடு என்றால், ஏறத்தாழ 10 புள்ளிகள் முன்பின் இருக்கலாம்: 13 ஆகவும் இருக்கலாம், 33 ஆகவும் இருக்கலாம். இதைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் நான்கு மடங்கு வீடுகள் ஏற வேண்டும். ஆனால் இந்தச் சூத்திரம் கணக்கிடுவது குலுக்கலில் வரும் பிழையை மட்டுமே. பழைய கணக்கில் நான் 89 என்று எழுதினேனே, அது குலுக்கலில் வந்த பிழையா? கேட்ட முறையிலும் கேட்காமல் விட்ட கதவுகளிலும் வந்தது. அந்த முறையில் 800 வீடுகள் ஏறியிருந்தாலும் அதே 89தான் வந்திருக்கும்; இன்னும் பெரிய கிரைண்டராக வாங்கியிருப்போம்.

மாவு வாங்கியவர்களில் பெரும்பாலோர் மாலை ஆறரைக்கு மேல், வேலை முடிந்து பேருந்து விட்டு இறங்கும்போது வாங்கியிருந்தார்கள். குழுவோ காலை எட்டு மணிக்கு ஊர் நடுவில் விற்றுக்கொண்டிருந்தது. இதைக் குழுக் கூட்டத்தில் சொன்னபோது, தலைவி அக்கா, "போன தடவையும் நீதானே கண்ணு சொன்ன?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் சொன்னார். இந்த முறை வட்டப்படம் போடவில்லை. "13 முதல் 33 வரை எதுவும் இருக்கலாம், 15 பாக்கெட்டில் தொடங்கிப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். இப்போது மாலையில் பேருந்து நிறுத்தத்தருகே விற்கிறார்கள். சில நாள் 20 போகிறது. மழை நாளில் 12. தவணைக்கு ஆளுக்கு 500 கைவிட்டுப் போட்டது போய், 200 போடுகிறார்கள். இன்னும் மீதித் தவணைகள் இருக்கின்றன.

இந்தக் கட்டுரைக்காகத் தாள்களை மீண்டும் எடுத்து வைத்திருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தத் தெறக்காத ஆறு வீடு எதெது?" என்று கேட்டார். எண்களைப் படித்து இடத்தையும் சொன்னேன். விரல் விட்டுக்கொண்டே வந்தார். நான்கு வீட்டுக்காரர்கள் பனியன் வேலைக்குத் திருப்பூர் போய் வருடமாகிறதாம். பொங்கலுக்கு மட்டும் வந்து திறப்பார்களாம். "ஆளே இல்லாத வூட்டையும் சேத்தா எண்ணியிருக்க?" என்றார்.

80க்கு 4 என்றால், 640க்கு 32. தாளில் 640ஐ அடித்துவிட்டு 608 என்று எழுதிக்கொண்டேன்.