ஊஞ்சல் ராத்திரியில் ஒரு கேசட்

அமாவாசையன்று மேல்மலையனூர் பஸ்ஸில் ஏறுவது, மார்ச் 31-ல் பேலன்ஸ் ஷீட்டை டேலி பண்ணுவது மாதிரி. திண்டிவனத்தில் ஒரு காலை வைத்தேன். இன்னொரு காலுக்கு இடம் கிடைத்தபோது செஞ்சிக் கோட்டை வந்துவிட்டது!

பேன்ட் பாக்கெட்டில் அப்பாவின் கேசட். 1988-ல் இந்தப் பக்கத்துக் கிராமத்தில் விடிய விடிய நடந்த 'கர்ண மோட்சம்' கூத்தை, டேப்ரிக்கார்டரை மடியில் வைத்துப் பதிவு செய்தாராம். அப்பா போய் ரெண்டு வருஷம். என் வீட்டில் கேசட் போட மெஷின் இல்லை.

சுவீடன் ராஜா மூன்றாம் குஸ்தாவ், 'நம்ம பாஷையிலும் ஆபரா வேணும்' என்று 1773-ல் ஆரம்பித்து வைத்தார். 1786-ல் வந்த 'குஸ்தாவ் வாசா'வுக்கு இசை போட்டவர் ஒரு ஜெர்மன்காரர். (நமக்கு பம்பாயிலிருந்து ஹீரோயின் வருகிற மாதிரிதான்!) பாவம், 1792-ல் அதே ஆபரா மாளிகையில், முகமூடி விருந்தில் ராஜாவைச் சுட்டுவிட்டார்கள். ஆனாலும் அந்த ஆபரா இன்று சி.டி.யில் கிடைக்கிறது.

அதே நூற்றாண்டில் சீர்காழி அருணாசலக் கவிராயர் ராம நாடகத்தைக் கீர்த்தனைகளாகவே பாடி, ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றினார். ராகம் அமைத்தவர்கள் அவருடைய சீடர்கள், சட்டநாதபுரத்துக்காரர்கள் இரண்டு பேர். இன்று அது சபாக்களில் உதிரிப் பாட்டுகளாக வாழ்கிறது. கூத்துக்கு அந்த பாக்கியம்கூட இல்லை. ராத்திரி பூரா தொண்டை கிழியப் பாடுவார்கள். விடிந்தால் காற்றோடு போச்சு!

நள்ளிரவு. அங்காளம்மன் ஊஞ்சலில் ஆட, கூட்டம் கற்பூரம் ஏற்றியது. என் செல்போனில் பதிவானதெல்லாம் முன்னால் நின்றவரின் முதுகுதான்.

காலையில் விசாரித்து விசாரித்து அந்த ஆர்மோனியக்காரரைப் பிடித்தேன். எழுபதைத் தாண்டியவர். பரணிலிருந்து டேப்ரிக்கார்டரை இறக்கி, வேட்டி நுனியால் துடைத்தார். நாடா சிக்கியது. பென்சிலை விட்டுச் சுற்றினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. காப்பி கிடையாது, இது ஒன்றுதான்.

முகவீணை கேட்டது. அப்புறம் ஆர்மோனியம். கர்ணன் பாட ஆரம்பித்ததும், பக்கத்தில் யாரோ இருமினார்கள். உடனே ஒரு குரல்: "உஷ்... ரெக்கார்டு ஆவுது!"

அப்பா.

"ஐயா, கொஞ்சம் ரிவைண்ட் பண்ணுங்களேன்..."

"எதுக்கு தம்பி? அந்த எடத்துல நான் சுருதி தப்பிட்டேன். அதையா திரும்பக் கேக்குற?" என்றார். ஆனால் ரிவைண்ட் செய்தார்.