முதல் ஐந்து நிமிடம்

கபடியில் ஆட்டம் தொடங்கி ஐந்தே நிமிடத்தில் ஏழு பேரும் வெளியே போய் உட்கார்ந்துவிட முடியும். ஆல் அவுட் ஆனால் எதிரணிக்கு 2 புள்ளி கூடுதல் வேறு. இருபது நிமிடப் பாதியில் அதற்கப்புறம் என்ன துள்ளினாலும் பழைய கடனை அடைக்கவே நேரம் சரியாக இருக்கும். குலசை என்று நாங்கள் சொல்லும் குலசேகரன்பட்டினத்தில் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். நாங்கள் தோற்ற ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் கோட்டை விட்டிருப்போம்.

வெளியே நிற்கிற பெரியவர்களுக்கு இதற்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். “ஏலே, சோறு திங்கலயால? என்னல தூங்குதிய?” ஏச்சுதான். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. எடைப்பிரிவுப் போட்டிக்கு 55 கிலோவுக்குள் நிற்க வேண்டுமே என்று காலையிலிருந்து பையன் நிஜமாகவே சோறு தின்றிருக்க மாட்டான், தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டான். எடை பார்த்து இறங்கியதும் நேரே பரோட்டா சால்னா. சுருண்ட வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கினால் கால் எப்படி எழும்பும்? எடை பார்த்த கையோடு உடன்குடிக் கருப்பட்டி கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு, பிறகு வாழைப்பழம், இரண்டு இட்லி. பரோட்டா ஆட்டம் முடிந்த பிறகுதான் என்று கறாராகச் சொல்லியிருக்கிறேன்.

தூக்கம் அடுத்தது. 13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். எங்கள் பக்கத்து ஊர்ப் போட்டிகளோ ராத்திரி லைட் வெளிச்சத்தில் நடப்பவை. நள்ளிரவு தாண்டித்தான் நம் அணியின் பெயரைக் கூப்பிடுவார்கள். அன்று மதியமே பையன்களைப் படுக்க வைக்க வேண்டும். அம்மாக்களிடம் சொன்னால் நடக்கும், பையன்களிடம் சொன்னால் நடக்காது.

கொட்டாவி விடுகிறவனையெல்லாம் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அமெரிக்காவின் அப்போலோ ஓனோ பனித்தரைச் சறுக்கு ஓட்டத்தில் 8 ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர். பந்தயத்துக்கு முன்னால் வாய் பிளந்து கொட்டாவி விடுவதற்குப் பேர்போனவர். சிலருக்குப் பதற்றம் அப்படித்தான் வெளியே வரும். அவனைப் போய் ஏசினால் பதற்றம்தான் கூடும்.

கபடி வீரர் மணத்தி கணேசனின் ஊர் எங்கள் மாவட்டம்தான். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது வாங்கியவர். அவர் வாழ்க்கையை வைத்து 2025-இல் மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ படம் வந்ததும் களத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் படத்தில் ரைடு போகிறவனுக்குப் பின்னணி இசை உண்டு. இங்கே ஜெனரேட்டர் சத்தம்தான், வேகத்தைப் பையனேதான் வரவழைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்காகக் குலசைப் பையன்களுக்கு வேகம் வராது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். முத்தாரம்மன் கோயில் தசராவில் இதே பையன்கள் ஆடுவதைப் பார்த்தவன் நான். ஆனால் அந்த ஆட்டம் எங்கே தொடங்குகிறது? மாலை போட்டு நாள்கணக்கில் விரதம். கொடியேறியதும் காப்பு. அப்புறம் காளி வேடம்: முகத்துக்குச் சாயம், தலைக்குச் சடைமுடி, காலுக்குச் சலங்கை. மேளமும் எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போகாது, படிப்படியாகத்தான் ஏறும். பாயிலிருந்து எழுந்த வாக்கில் யாரும் காளியாகிவிடுவதில்லை. கபடிக்கு மட்டும் விசில் ஊதியதும் அருள் வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

ஆகவே விசிலுக்கு முந்தைய கால் மணி நேரத்தைத்தான் இப்போது நான் பெரிதாக நினைக்கிறேன். இரண்டு சுற்று ஓடிவிட்டு மணலில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கத்தை நிறுத்தியாயிற்று. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் பாய்ச்சல் கொஞ்சம் மட்டுப்படத்தான் செய்யும். மெதுவான ஓட்டம், பக்கவாட்டு நகர்வு, இரண்டிரண்டு பேராகக் கைகோத்துச் சங்கிலி, கடைசியில் வாய்விட்டுப் பாடிக்கொண்டு முழு வேகத்தில் சில ரைடுகள். நெற்றியில் வேர்வை துளிர்க்க வேண்டும், அதுதான் கணக்கு.

இவ்வளவும் செய்து முடிக்கும்போதுதான், சிறப்பு விருந்தினரின் கார் சாத்தான்குளத்தைத் தாண்டிவிட்டது என்று மைக்கில் சொல்வார்கள். அவர் வந்து, பொன்னாடை போர்த்தி, இரண்டு அணியோடும் கைகுலுக்கி, போட்டோ எடுத்து முடிவதற்குள் பையன்களின் உடம்பு பச்சைத் தண்ணீராக ஆறிவிடும். விருந்தினரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. வரிசையில் நிற்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி நிற்கச் சொல்கிறேன். போட்டோ முடிந்ததும் கோட்டிலிருந்து கோட்டுக்கு மூன்று பாய்ச்சல். நடுவர் முறைப்பார், முறைக்கட்டும்.

அப்புறம் முதல் ரைடு. “ஜெயிச்சுட்டு வால” என்று அனுப்பினால் பையனுக்கு என்ன செய்வதென்றே புரியாது. சின்ன வேலையாகக் கொடுக்க வேண்டும். எதிரில் ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் கோடு செல்லும், ஆட்டத் தொடக்கத்தில் ஏழு பேரும் நிற்பார்கள். யாரையும் தொட வேண்டியதில்லை. “கார்னர் கால மட்டும் பாரு. அவன் உள்ள வந்தா திரும்பிடு, வரலன்னா போனஸ எடு.” பாக் லைனைத் தாண்டிவிட்டு வெறுங்கையோடு வந்தாலும் குற்றமில்லை. மூன்றாவது ரைடுதானே டூ ஆர் டை. தடுப்பில் நிற்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ரைடர் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று கார்னர் சத்தமாகச் சொல்ல வேண்டும், பக்கத்துக் கவர் பதில் கொடுக்க வேண்டும். சத்தம் போடுகிற பையனுக்கு மூச்சு திறந்துகொள்ளும், கண்ணும் விழித்துக்கொள்ளும். ஊமையாக நிற்கும் சங்கிலியைத்தான் எதிராளி முதலில் உடைப்பான்.

இத்தனைக்கும் பிறகு சூடேறாதவன் ஒருவன் அணியில் இருப்பான். என்னிடமும் ஒருவன் இருக்கிறான், பத்தாம் வகுப்பு, நல்ல உயரம். முதல் பத்து நிமிடம் அவன் காலில் யாரோ கல்லைக் கட்டியதுபோல இருக்கும். அதற்கப்புறம் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. அவனை மாற்றப் பார்ப்பதை விட்டு, தொடக்கத்தில் கவரில் நிறுத்துகிறேன், பாதி ஆட்டம் சூடானதும் ரைடுக்கு விடுகிறேன். வெளியே இருப்பவர்களுக்குத்தான் பொறுக்காது. “அந்த நெட்டப் பயல ஏன் சார் அனுப்பாம வச்சிருக்கிய?”

“ரெண்டு ரைடு பொறுங்க அண்ணாச்சி.”