ஹாலோவீன், எங்க வீட்டில், 60 வெள்ளிக்குள்ளே



நேத்து சூரசம்ஹாரம், இன்னைக்குத் திருக்கல்யாணம், ரெண்டும் நல்லபடியா முடிஞ்சது. பந்தி பரிமாறி, அண்டா கழுவிக் கவிழ்த்து வச்சுட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறோம். வெள்ளிக்கிழமை விஷயம் பத்தி வாட்சாப்பில் அத்தனை கேள்வி.

கேள்விப்பட்டது உண்மைதான். வர்ற அக்டோபர் 31, ஜெலுத்தோங்கில் எங்க அடுக்குமாடி வீட்டில் பிள்ளைங்களுக்கு ஹாலோவீன் வைக்கிறோம். மூணு குடும்பம் சேர்ந்து செய்றோம். தேவார வகுப்புப் பிள்ளைங்க 14 பேர். குடும்பத்துக்கு 20 வெள்ளி, மொத்தம் 60. அதுக்கு மேல ஒரு காசு செலவு செய்றதில்லன்னு பேச்சு.

"கோயில்ல கரண்டி பிடிக்கிற கையால பேய்க்கு விருந்தா?" என்று மூத்த தொண்டர் ஒருத்தர் குரல் பதிவே அனுப்பிட்டார். நாங்க மதிக்கிற ஐயா. அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லாம விட முடியாது.

போன வருஷம் தீபாவளியே அக்டோபர் 31-லதான் வந்துச்சு, ஞாபகம் இருக்கும். காலையில் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, கோயில். சாயந்திரம் பேரங்காடிப் பக்கம் போனா, அரிசிக் கோலத்துக்கு நாலு அடி தள்ளி பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்குது. பிள்ளைங்க ரெண்டையும் ஒண்ணாப் பாத்தாங்க, ரெண்டும் வேணும்னாங்க. அந்த வாரக் கடைசியில் ஓர் இடத்தில் காசு கட்டிப் போற ஹாலோவீன் நடந்துச்சு. இடத்தோட பேரு வேண்டாம். டிக்கெட் 35 வெள்ளி, உடை தனி. ஆன்லைனில் சூனியக்காரி உடை ஒண்ணு 59 வெள்ளி. வகுப்பில் ஏழெட்டுப் பேர் போனாங்க. ஒரு பிள்ளை மட்டும் காய்ச்சல்னு சொல்லிட்டா.

ரெண்டு வாரம் கழிச்சு எங்களோட உக்காந்து பூ கட்டும்போது அவளே சொன்னா. காய்ச்சல் எல்லாம் இல்லையாம். அம்மாகிட்ட கேக்கவே இல்லையாம். கேட்டா அம்மா எப்படியாவது வாங்கிக் குடுத்துருவாங்க, அதனாலதான் கேக்கலன்னு சொன்னா. பத்து வயசுப் பிள்ளைங்க அது! நாரைக் கையில பிடிச்சுக்கிட்டு எங்களுக்கு வாயே வரல.

அதான் இந்த வருஷம் நாங்களே வைக்கிறோம். காசு கொடுத்து வாங்கின வேஷத்தோட யாரும் வரக்கூடாது. இந்த ஒரு விஷயத்துல மட்டும் நாங்க கறார். வாங்கிட்டீங்கன்னா பரவாயில்ல, வேற எங்கயாவது போட்டுக்கட்டும். எங்க வீட்டுக்கு வர்றப்ப பழைய துணிதான். அஞ்சரை மணிக்கே சாதாரண உடுப்பில வரட்டும், இங்கேயே எல்லாருக்கும் ஒண்ணாச் செய்வோம். கிழிஞ்ச வேட்டி பேய் ஆகும். கறுப்புக் குப்பைப் பையை ஓரத்துல நறுக்கி விட்டா வௌவால் ரெக்கை. (கைக்கு மட்டும் ஓட்டை போட்டு மாட்டுவோம். தலைக்கு மேல, முகத்து மேல பிளாஸ்டிக் கிடையவே கிடையாது.) முகத்துக்கு அரிசி மாவு, கண்ணைச் சுத்தி மை.

திருநீறு வேண்டாம். திருநீறு பூசின ஆண்டியைக் காட்டித்தான் பிள்ளைங்களைப் பயமுறுத்தினாங்க, அதுதான் பூச்சாண்டி ஆச்சுன்னு பெரியவங்க சொல்வாங்க. இருக்கட்டும். நெத்தியில் வைக்கிறது நெத்தியிலேயே இருக்கட்டும்.

அதே மாதிரி சாமி வேஷமும் கூடாது. காளி, முனீஸ்வரர், மதுரை வீரன், யாரும் இந்த வரிசையில் வரமாட்டாங்க. ஒரு பையன் நாக்கை நீட்டிக் காளியா வர்றேன்னு கேட்டான். அவனுக்குக் குலசேகரப்பட்டினத்தைப் பத்திச் சொன்னோம், உங்களுக்கும் சொல்றோம். நமக்கு விஜயதசமின்னா குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் தேர்தான் கண்ணு முன்னால வரும். அங்கே திருச்செந்தூர் பக்கத்தில் குலசை முத்தாரம்மன் கோயிலில் தசரான்னா வேஷம். நேர்ந்துக்கிட்டு, விரதம் இருந்து, காப்புக் கட்டி, காளி, குறத்தி, குரங்கு, ராஜா, பிச்சைக்காரன்னு வேஷம் போட்டு வீடு வீடாப் போய்க் காணிக்கை வாங்குவாங்க. வாங்கினதைக் கோயிலில் செலுத்துவாங்க. பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். வேஷம் போட்டு வாசல் வாசலாப் போறது வெள்ளைக்காரங்க மட்டும் செய்றதுன்னு நெனைக்காதீங்க. ஆனா அங்கே காளி வேஷம் போடுறவங்க அத்தனை விரதம் இருந்துதான் போடுறாங்க. நாம மீஹூன் சாப்பிட்டுக்கிட்டு அந்த வேஷம் போட முடியுமா? பையன் யோசிச்சுட்டு, "அப்ப சூரன்?" என்றான்.

சூரன் தாராளமா வரலாம். தாரகன், சிங்கமுகன், சூரபத்மன், மூணு பேருக்கும் அட்டையில் முகமூடி செய்றோம். நேத்துதான் சூரன் தலை மாத்தி மாத்தி வந்ததைப் பாத்திருக்காங்க, சூடா ஞாபகம் இருக்கு. இன்னொரு வாண்டு, "நான் சூரனா வந்துட்டுக் கடைசியில மயிலா மாறலாமா?"ன்னு கேட்டிருக்கு. அதுக்கு வேண்டிய பச்சைத் தாளும் வாங்கியாச்சு.

பூசணிக்கு வருவோம். ஆரஞ்சு நிறத்தில் வெளிநாட்டுப் பூசணி கடையில் கேக்குற விலைக்கு நாங்க தூரமா நின்னு கும்பிட்டுட்டு வந்துட்டோம். பாசார்ல கிடைக்கிற நம்ம மஞ்சள் பூசணி ஒண்ணு போதும், எட்டு வெள்ளி. வெள்ளிக்கிழமை மத்தியானம் வெட்டினாப் போதும். பினாங்குச் சூட்டுக்கு ரெண்டு நாள்ல பூஞ்சை பிடிச்சிரும். உள்ளே சதையை வழிச்சு சாம்பாரில் போடலாம், விதையை வறுக்கலாம். உள்ளே மெழுகுவத்தி வைக்க வேண்டாம், சின்ன டார்ச் போதும். பிளாஸ்டிக் ரெக்கையோட 14 பேர் ஓடுற வீட்டில் நெருப்பு எதுக்கு? தீபாவளி மத்தாப்பு மிச்சம் இருந்தாலும் அன்னைக்கு எடுக்காதீங்க.

பூசணியில் முகம் போடுறது நமக்குப் புதுசா என்ன? புதுசா வீடு கட்டும்போது கண்ணும் மீசையும் பல்லுமா வரைஞ்சு திருஷ்டிப் பூசணி தொங்கவிடுறோமே. அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் முதல்ல டர்னிப் கிழங்கில்தான் முகம் வெட்டினாங்க. அமெரிக்காவுக்குக் குடியேறினப்ப பூசணி கிடைச்சது, அதுக்கு மாறிட்டாங்க. கிறிஸ்தவங்களுக்கு நவம்பர் 1 புனிதர்கள் எல்லாருக்குமான நாள், 2 இறந்தவங்களுக்கான நாள். அதுக்கு முந்தின ராத்திரிதான் ஹாலோவீன்.

ஐயாவுக்கு நாங்க சொன்னதும் இதுதான். தீபாவளிக்கு முன்னால நம்ம வீடுகள்ல படையல் போடுறோம். தாத்தாவுக்கு என்ன பிடிக்குமோ அது இலையில் இருக்கும். ஆட்டுக்கறி, சுருட்டு, சில வீட்டில் ஸ்டவுட்டும். (இதை எழுதினா சிலருக்குப் பிடிக்காது, நடக்கிறதைச் சொல்றோம்.) படையல் முடியுற வரைக்கும் யாரும் வாயில் வைக்கிறதில்ல. பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஏழாம் மாசம் முழுக்க வாசலில் ஊதுவத்தி வச்சு, தாள் எரிச்சாங்க. இந்த வருஷம் அவங்க பேய் மாசம் முடிஞ்சதும் நம்ம மகாளய அமாவாசையும் ஒரே நாள், செப்டம்பர் 21. அவங்க ஒரு பக்கம் தாள் எரிக்க, நாங்க இந்தப் பக்கம் எள்ளும் தண்ணியும். லிஃப்டுல பாத்துச் சிரிச்சுக்கிட்டோம். வெள்ளிக்கிழமை பிள்ளைங்க கதவைத் தட்டுவாங்கன்னு சொன்னப்ப, "ஏழாம் மாசம்தான் முடிஞ்சுபோச்சே, இப்பப் பயமில்ல, வரட்டும்" என்றார்.

அஞ்சு வாசல்தான் தட்டப் போறோம், எல்லாம் முன்னாலேயே கேட்டு வச்ச வாசல். மலாய்க்காரக் குடும்பங்க இதுல கலந்துக்க மாட்டாங்க. அவங்க வாசலைத் தட்டாதீங்க, அந்தப் பக்கம் சத்தமும் வேண்டாம். தீபாவளி அன்னைக்கு எல்லாரும் வந்து முறுக்குச் சாப்பிட்டுட்டுப் போனாங்க, அது போதும்.

சாப்பாடு சைவம். வெள்ளிக்கிழமை ஆச்சே. மீஹூன் பெரட்டலுக்குக் காய்கறியோட 15 வெள்ளி. அதுக்கு மெனுவில் 'சூனியக்காரி முடி'ன்னு பேரு. அகார் அகாரும் டின் லோங்கானும் 9 வெள்ளி. லோங்கானுக்குள்ள காஞ்ச திராட்சையை வச்சா அசல் கண்ணு முழி, முதல்ல பாத்தப்ப எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. சிவப்புச் சிரப் 6, அதுதான் ரத்தம். அஞ்சு வாசலுக்கும் மிட்டாய் 12. அட்டை, ரப்பர், குப்பைப் பை எல்லாம் 6. பூசணியோட சேர்த்து 56. மிச்சம் நாலு வெள்ளி ஐஸ் வாங்க. முறுக்கு டின் இன்னும் காலியாகல, அது கணக்கில் வராது.

காசே இல்லாம கிடைக்கிறதுதான் அன்னைக்கு முக்கியம். ஏழரைக்கு விளக்கெல்லாம் அணைச்சுட்டு, மாடியில் இருக்கிற ஒரு தாத்தா கதை சொல்லப் போறார். செபராங் பிறைப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து, விடியறதுக்கு முன்னாலேயே தலையில் விளக்கு கட்டிக்கிட்டுப் பால் மரம் சீவப் போனவர். எல்லை முனி, வாழைத் தோப்புப் பொந்தியானா, நிரையில் பின்னாலயே வர்ற காலடிச் சத்தம்னு ஒவ்வொண்ணாச் சொல்வார். போன வாரம் எங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் காட்டினார். அந்தக் காலடிச் சத்தம் அவங்க அம்மாவோடதாம். பையன் தனியாப் போறானேன்னு, கைப்பிள்ளையையும் முதுகில் கட்டிக்கிட்டு, அவனுக்குத் தெரியாம தூரமாப் பின்னால வருவாங்களாம். அதை அவர் தெரிஞ்சுக்கிட்டது அம்மா போனதுக்கு அப்புறம். பிள்ளைங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடாதீங்க.

ஐயா இன்னும் ஒத்துக்கல. வரவும் மாட்டேன்னுட்டார். ஒண்ணு மட்டும் கேட்டார்: ஆறரைக்கு முதல்ல விளக்கேத்தி ஒரு பதிகம் பாடிட்டு அப்புறம் உங்க கூத்தை ஆரம்பிங்கன்னார். சரின்னுட்டோம். ரெக்கையோடவே பாடுவாங்க.

எட்டரைக்கு முடியும், பெத்தவங்க வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. சின்ன டார்ச் ரெண்டு இன்னும் வேணும். பழைய வேட்டி யார்கிட்டயாவது இருந்தா துவைச்சு, வியாழக்கிழமை பூஜைக்கு வரும்போது பூ கட்டுற இடத்தில் கொடுத்துடுங்க. கறை இருந்தாலும் பரவாயில்ல, பேய்க்குத்தானே.