ஏலக்காய்க்கு ஏது பாஸ்வேர்டு?

கிரிப்டோ ஹேக்கத்தான்னா ஏசி ரூம், லேப்டாப், பீட்சான்னுதானே நினைப்பீங்க? ஐடியா தேடி எங்க டீம் முதல்ல போனது, போடிநாயக்கனூர் ஏல மையத்துக்கு!

போடிமெட்டு மலைச்சரிவுக் காய்க்கு இங்கே 2007லிருந்தே மின்னணு ஏலம். சாம்பிள் வந்ததும் வியாபாரிகள் உடைச்சு, மோந்து பார்த்துட்டு கம்ப்யூட்டரில் விலை போடுறாங்க. தரையெல்லாம் ஏலக்காய். மிதிக்க மனசே வரலை. மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியில், 2019 ஆகஸ்ட்டில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போன சரக்காச்சே!

விவசாயிகளோட பெரிய புகார், 'ரீபூலிங்'. ஏலத்தில் வித்த காயே திரும்பவும் ஏலத்துக்கு வருமாம். வரத்து அதிகம் மாதிரி தெரிஞ்சு விலை இறங்கிடும். ஒரே காசை ரெண்டு தடவை செலவழிக்க முடியாதபடி, 2008ல் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான பிட்காயின் கட்டுரை வழி சொன்னதே... அதே மாதிரி ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு டோக்கன் போட்டா?

"மூட்டையைப் பிரிச்சு வேற காயோட கலந்துட்டா, உங்க கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியுமா தம்பி?"ன்னார் ஒரு பெரியவர்.

36 மணி நேரப் போட்டியில் ஜூரி கேட்ட முதல் கேள்வியும் அதுதான்! மூட்டைக்கு சீல் வைக்கலாம்னு சொல்லியிருக்கோம். சீலை யார் வைக்கிறதுன்னு டீமுக்குள்ள இன்னும் சண்டை.