தன்மேல் தானே வழக்குத் தொடுத்தவர்

(இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு மாணவன்)

ஊருக்கு உபதேசம் செய்வது எளிது. அதன்படி நடப்பது எவ்வளவு கடினம்! இதை நான் கற்றது என் குற்றத்தால்தான்.

கோடை விடுமுறையில் எங்கள் தெருச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். "தீர விசாரிக்காமல் யார்மீதும் பழி சுமத்தாதீர்கள்" என்று அடிக்கடி சொல்வேன். ஒரு நாள் என் பேனாவைக் காணவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சந்தேகித்து, எல்லார் முன்னிலும் கன்னத்தில் அறைந்துவிட்டேன். இரவில் பார்த்தால், பேனா என் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது! சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டால் என் மதிப்பு என்னாவது? பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் முதல் அவன் வரவில்லை.

அந்த வாரம் நூலகத்தில் யானுஷ் கோர்ச்சாக்கின் வரலாற்றைப் படித்தேன். அவர் போலந்து நாட்டு யூதர், மருத்துவர், எழுத்தாளர். 1912 முதல் வார்சா நகரில் யூத அனாதைக் குழந்தைகள் இல்லத்தை நடத்தியவர். குழந்தையும் மதிப்புக்குரிய மனிதனே என்பது அவர் போதனை. இல்லத்தில் ஒரு நீதிமன்றம் இருந்தது, நீதிபதிகள் குழந்தைகளே. அதன் சட்டத்தில் முதல் 99 பிரிவுகளில் தண்டனையே கிடையாது. ஆறு மாதங்களில் ஐந்து முறை அவர் தம்மீதே அங்கு வழக்குத் தொடுத்தார்! ஒரு பையனை அறைந்ததற்காக ஒன்று. ஒரு சிறுமியைத் திருடி என்று பழித்ததற்காக மற்றொன்று. இரண்டும் என் குற்றங்கள் அல்லவா?

பின்னர் நாஜிகள் வார்சா யூதர்களை மதிலுக்குள் அடைத்தனர். இல்லமும் உள்ளே சென்றது. 1942 ஜூலையில் அக்குழந்தைகள் நம் தாகூரின் 'அஞ்சல் நிலையம்' நாடகத்தை நடித்தனர். அடுத்த மாதமே அவர்களை டிரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்பினர். தப்பிக்க வழி இருந்தும் கோர்ச்சாக் ஏற்கவில்லை. ஏறத்தாழ 200 குழந்தைகளோடு நடந்து சென்றார், திரும்பவில்லை. குழந்தையை மதிக்கச் சொன்னவர், இறுதிவரை குழந்தையைக் கைவிடவில்லை.

யூத அறநெறியில் ஒரு விதி உண்டு. மனிதனுக்கு இழைத்த பிழைக்கு அம்மனிதனிடமே சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை பாவமன்னிப்புப் பெருநாளின் நோன்பும் அப்பிழையைப் போக்காது. அந்த விதியைப் படித்தபின் எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். கையோடு அழைத்து வந்து, மற்றச் சிறுவர்கள் முன்னிலையில் என் குற்றத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் சிறிது நேரம் தலைகுனிந்து நின்றான். பிறகு மெல்லக் கேட்டான்:

"பேனா கிடைச்சிடுச்சா அண்ணே?"

அவன் சட்டத்திலும் முதல் 99 பிரிவுகள் மன்னிப்புக்கே இருந்தன போலும்!