உறைந்துபோன தேன்



முதலாவது என் குற்றத்தை அறிக்கையிட்டுவிடுகிறேன். பெங்களூருவில் எங்கள் சபைக்கு வரும் ஒரு சகோதரன், விளவங்கோடு பகுதியைச் சேர்ந்தவர், ஊருக்குச் சென்று திரும்பியபோது ஒரு பாட்டில் ரப்பர்த் தேன் கொண்டுவந்து கொடுத்தார். டிசம்பர் குளிரில் அது அடியிலிருந்து வெண்மையாக உறைந்து, ரவையைப்போல் ஆயிற்று. சீனிப்பாகு கலந்தது என்று தீர்மானித்து, பாட்டிலை எறிந்துவிட்டேன். அதோடு நில்லாமல், ஆராதனை முடிந்து நாலுபேர் நிற்கையில் அவரிடம் அதைச் சொல்லியும்விட்டேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "மன்னிச்சிருங்க ஐயா" என்று மட்டும் சொல்லிப் போனார்.

அடுத்த பிப்ரவரியில் குழித்துறைப் பக்கம் கன்வென்ஷன் கூட்டங்களுக்கு அழைப்பு வந்தது. இரவு ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறினேன். கடலில்லாத பெங்களூருவிலிருந்து புறப்படும் வண்டிக்குத் தீவின் பெயர் ஏன் என்று சிலர் கேட்பதுண்டு. முற்காலத்தில் அது கொச்சியின் வில்லிங்டன் தீவுக்கு ஓடிய வண்டி. மறுநாள் பிற்பகல் குழித்துறையில் இறங்கினேன். அந்தச் சகோதரனின் சித்தப்பா தேனீ வளர்ப்பவர் என்று அங்கே அறிந்து, அவருடைய பெட்டிகளைக் காணச் சென்றேன்.

ரப்பர்த் தோட்டத்தின் நிழலில் வரிசையாகப் பெட்டிகள். எறும்பு ஏறாதபடி ஒவ்வொன்றின் கால்களும் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. நான் மரங்களில் பூவைத் தேடினேன். பெரியவர் சிரித்து, ஒரு தளிர்க்கொத்தை வளைத்துக் காட்டினார். மூன்று இலைகள் காம்போடு கூடுமிடத்தில் சிறு சுரப்பிகள்; அவற்றில் பனித்துளிபோல் இனிய நீர். ஆண்டின் முடிவில் இலையுதிர்த்து மரம் மீண்டும் தளிர்க்கும்போது, சில வாரங்களே அது சுரக்குமாம். ஒரே மரத்தின் தேன் என்று நாம் வாங்குவது உண்மையில் பூவில்லாத தேன்! சிருஷ்டிகர் பூவில் மாத்திரமே தேனை வைத்தார் என்று நானாக எண்ணியிருந்தேன்.

அந்தத் தேனில் குளுக்கோஸ் மிகுதி. ஆகையால் விரைவில் உறையும். ஏறத்தாழ 14 டிகிரிக் குளிர் அதற்கு மிகவும் ஏற்றது. நம் பெங்களூருவின் டிசம்பர் இரவுகள் அதற்கு அருகேதான் இருக்கின்றன. இளஞ்சூடான நீரில் பாட்டிலை வைத்திருந்தால் உருகியிருக்கும்.

"இயற்கைத் தேன்" என்று நகரத்துக் கடைகளில் அதிக விலைக்கு விற்கிறார்களே என்று கேட்டேன். தேனீக்கு வேலி கட்ட முடியாது ஐயா என்றார். அது ஒரு கிலோமீட்டர்வரை பறந்துபோகும். எனவே ஊடுபயிரான அன்னாசிக்கு என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று விசாரித்த பின்னரே பெட்டியை வைக்கிறார். தேனீக்கள் மெழுகால் மூடாத அடையை அவர் எடுப்பதில்லை. நீர் வற்றாத தேன் புளித்துவிடும். மழைக்காலப் பஞ்சத்தில் தேனீ சாகாதபடி சர்க்கரைப்பாகு கொடுப்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் தேன் எடுப்பதில்லை என்றார். நான் அதை நம்பினேன்.

இத்தொழிலுக்கு அப்பகுதியில் வேர் பிடிக்கச் செய்தவர்களில் முக்கியமானவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்தி, ஏழைக் குடும்பங்களுக்குப் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். அதற்கு முன்பே திருச்சியில் நியூட்டன் என்ற கத்தோலிக்கக் குருவானவர் நம் நாட்டுத் தேனீக்கேற்ற சிறு பெட்டியை வடிவமைத்திருந்தார். பிற்பாடு 'மார்த்தாண்டம் பெட்டி' என்றே ஒரு வகை வழங்கலாயிற்று.

பின்பு பெரியவர் குரல் தாழ்ந்தது. 1991, 1992 ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியக் கூடுகளைத் தாக்கிற்று. புழுக்கள் நீர்ப்பைபோலாகி மடிந்தன. பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. அவருடைய அண்ணன் வெற்றுப் பெட்டிகளை விறகாக விற்றார். அந்த அண்ணனின் மகன்தான் பதினெட்டு வயதில் பெங்களூருவுக்கு வேலை தேடி வந்தவர். நான் நாலுபேர் முன்பாகக் கடிந்துகொண்டவர். யோனத்தான் காட்டில் கோலை நீட்டித் தேனை ருசிபார்த்தபோது அவன் கண்கள் தெளிந்ததாக வாசிக்கிறோம். என் கண்கள் ருசிக்குமுன்பே தெளிந்தன.

திரும்பி வந்த ஞாயிறு ஆராதனையில், பிரசங்கத்துக்கு முன் அவரை எழுந்திருக்கச் சொல்லி, சபையார் எல்லார் முன்பாகவும் மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சப்பட்டு உட்கார்ந்துவிட்டார். ஏப்ரலில் மற்றொரு பாட்டில் கொண்டுவந்து, "இதும் உறையும் ஐயா" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார். இப்போது அடியில் ஒரு விரலளவு வெண்மை படிந்திருக்கிறது. என் மனைவி அதை அப்படியே கரண்டியால் எடுத்துச் சப்பாத்தியில் தடவுகிறாள்.