ஒரு ஆம்ப்ளிஃபயர்... நாலு பாக்ஸ்!

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி ரோட்டில் சேலையூரைத் தாண்டினால் ராஜகீழ்ப்பாக்கம். இந்தப் பக்கம் கிறிஸ்தவக் கல்லூரி, அந்தப் பக்கம் கௌரிவாக்கத்தில் சிவெட் காலேஜ். நடுவில் மாட்டிக்கொண்ட ஊரில் ஸ்டூடண்ட்ஸ் ரூமுக்குக் கேட்கணுமா? 2021-ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்த ஏரியா இது. பழைய தனி வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்டும்போது, அப்பாக்கள் காலத்து மர ஸ்பீக்கர் பாக்ஸ்கள் பரணிலிருந்து இறங்கி காயலான் கடைக்கு வரும். சோனோடைன், காஸ்மிக், பிலிப்ஸ்னு பேர் பார்த்தால் விடாதீங்க பாஸ்!

சரி, ஒரு ஜோடி ரூமில் இருக்கு. இன்னொரு ஜோடி கிடைச்சிருக்கு. ஆம்ப்ளிஃபயர் ஒண்ணுதான். நாலையும் மாட்டலாமா? மாட்டலாம். ஆனா, கண்ணை மூடிக்கிட்டு மாட்டினா ஆம்ப்ளிஃபயர் காலி!

காரணம், ஓம்ஸ். ஒரே தொட்டியில் ரெண்டு குழாயைத் திறந்தால் தண்ணீர் டபுளாகப் போகும் இல்லையா? அதே கதைதான். 8 ஓம்ஸ் பாக்ஸ் ரெண்டை ஒரே சேனலில் பேரலலாக மாட்டினால் 4 ஓம்ஸ் ஆகிவிடும். கரண்ட் இரண்டு மடங்கு இழுக்கும். ரெண்டுமே 4 ஓம்ஸ் என்றால் மிஞ்சுவது 2 ஓம்ஸ். அவுட்புட் டிரான்சிஸ்டர் கொதித்துப் போகும். பழைய ஜப்பான் செட்டுக்கு ஒரிஜினல் டிரான்சிஸ்டர் தேடி அலைவது தனி வேதனை.

அதனால் முதல் வேலை, செட்டைத் திருப்பி முதுகைப் படிப்பது. ஏ, பி என்று ரெண்டு செட் டெர்மினல் இருந்தால், பக்கத்திலேயே ‘ஏ அல்லது பி: 4 ஓம்ஸ், ஏ+பி: 8 ஓம்ஸ்’ என்கிற மாதிரி எழுதியிருக்கும். அதற்குக் குறைவான பாக்ஸை ரெண்டு ஜோடியாகப் போடக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

பாக்ஸில் ஓம்ஸ் அழிந்து போயிருக்கா? மல்டிமீட்டர் வைத்துப் பாருங்க. 6, 7 காட்டினால் அது 8 ஓம்ஸ் பாக்ஸ். மூணு, மூணரை காட்டினால் 4 ஓம்ஸ்.

மீட்டர், ஒயர், டெர்மினல் எல்லாம் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போயே ஆகணும். ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் ஏறினால் மேடவாக்கம், பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வழியாக வேளச்சேரி. அங்கிருந்து பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை. அப்புறம் நடராஜா சர்வீஸ்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் நிற்காதீங்க, பாதிக் கடைக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும். ஆள் மேல் ஆள் இடிக்கும் சந்துதான். ஆனா, ஸ்பீக்கர் கோனில் இருந்து குட்டி ஸ்க்ரூ வரைக்கும் கிடைக்கும். பாக்ஸ் கோனின் ஓரத்து ஃபோம் தொட்டதும் மாவு மாதிரி உதிர்ந்தால், அதற்கும் இங்கேதான் மருந்து.

செட்டில் பி டெர்மினலே இல்லையா? ஒரே மாடல் ரெண்டு ஜோடி இருந்தால் சீரிஸ் போடலாம். செட்டின் சிவப்பு முதல் பாக்ஸின் சிவப்புக்கு. அதன் கறுப்பு ரெண்டாவது பாக்ஸின் சிவப்புக்கு. அதன் கறுப்பு செட்டின் கறுப்புக்கு. இடது சேனலுக்குத் தனியாக, வலதுக்குத் தனியாக. 8-ம் 8-ம் சேர்ந்து 16 ஓம்ஸ். சத்தம் கொஞ்சம் குறையும், செட்டு பிழைக்கும். வேற வேற மாடலை சீரிஸில் கோத்தால் சவுண்டு கோணலாகும்.

சிவப்பு, கறுப்பு மாறினால் புகை வராது, பேஸ் காணாமப் போகும். சந்தேகமா? கழற்றி வைத்த பாக்ஸில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்க. கோன் வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட இடம்தான் சிவப்பு.

மாட்டும்போது பவர் பிளக் கையில் இருக்கணும். இடது கறுப்பையும் வலது கறுப்பையும் ஒண்ணாக முறுக்காதீங்க. எல்லாம் முடிந்ததும் வால்யூமை அடியில் வைத்து, ஸ்டீரியோவில் பதிவான 1978-ன் ‘ப்ரியா’ பாட்டைப் போடுங்க. வாத்தியங்கள் இடது வலதாகப் பிரிந்து நிற்கணும். அரை மணி நேரம் கழித்து செட்டின் தலையில் கை வையுங்க. வெதுவெதுன்னா ஓகே. கை வைக்க முடியலைன்னா, பி-யை ஆஃப் பண்ணுங்க!